எஞ்சின் மூடிக்குக் கறுப்புப் பெயிண்ட்

பழைய செய்தித்தாளை விரித்துவைத்து, கார் எஞ்சினின் பிளாஸ்டிக் மூடியை அவள் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் எரிந்தது.

"நாலு மணிக்கு ஆள் வர்றார். முடிஞ்சுதா?" என்றான் புருஷன்.

"முதல்ல பிரைமர் பூசி, அது காயணும். அவசரப்பட்டா பெயிண்ட் உரிஞ்சுடும்."

"வண்டி இன்னிக்குக் கைமாறியே ஆகணும். வித்தாச்சுன்னே எங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

அவள் ஸ்பிரே டின்னைக் குலுக்கி மெல்லிசாக அடித்தாள். மதியத்துக்குள் மூடி கண்ணாடி மாதிரி மினுங்கியது. புருஷனுக்கு வாயெல்லாம் பல்.

வந்தவர் வண்டியைச் சுற்றி வந்து பானெட்டைத் தூக்கினார். அவர் குனிந்து முகர்ந்து, மூடியை விரலால் தடவினார்.

"பத்து வருஷ வண்டியில இது மட்டும் ஏன் புதுசா இருக்கு? உள்ள ஆயில் ஒழுகுதா?"

"சத்தியமா இல்லைங்க. வீட்டுக்காரி சும்மா அழகுக்கு அடிச்சா."

"எத்தனை வண்டி பார்த்திருக்கேன். மறைக்கிறவங்கதான் இங்க பெயிண்ட் அடிப்பாங்க."

அவர் பானெட்டைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

"உன் அழகுல தீயை வைக்க" என்று புருஷன் உறுமிவிட்டு உள்ளே போனான்.

அவள் தெருமுனைக்குப் போய், தன் நிரந்தரச் சவாரியான நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, வேற டிரைவர் தேட வேண்டாம். நாளைக்கும் நான்தான் ஓட்டிட்டு வரேன்."

"விக்கலையா? எப்படிடி?"

"எட்டு வருஷமா டாக்ஸி ஓட்டுறேன். எதுல பெயிண்ட் அடிச்சா வாங்க வந்தவன் ஓடுவான்னு எனக்குத் தெரியாதா?"

"அடுத்த ஆள் வந்தா?"

"பேட்டரி மூடி இன்னும் பாக்கி இருக்குக்கா."