இறந்த அப்பா வேஷம்

"படத்துல வர்ற செத்துப்போன அப்பனுக்கு என் மூஞ்சியே போதும். சீக்கிரம் போட்டோவை எடுங்க, அடுத்த ஷாட் இருக்கு."

டைரக்டர் இவாசே நாற்காலியில் சாய்ந்தார். உடம்பில் குடும்ப முத்திரை போட்ட கறுப்புக் கிமோனோ. அவர் கேட்டாரே என்று அதை வீட்டிலிருந்து ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்த மனைவி ஃபூமிக்குப் பகீரென்றது.

"என்னங்க, இது அபசகுனம். யாராவது துணை நடிகரை உட்கார வைக்கக் கூடாதா?"

"சாவு வீட்டுல வைக்கிற, கறுப்பு ரிப்பன் கட்டின போட்டோவுல முகம் வந்தா ஆயுசு குறையுமாம். ஒருத்தனும் வரமாட்டேங்கிறான்."

ஃபூமி குனிந்து அவர் கிமோனோவின் கழுத்து மடிப்பைச் சரிசெய்தாள். மேலே பேசினால் அழுகை வந்துவிடும்.

போன மாதம் டாக்டர் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வயிற்றில் புற்றுநோய், வசந்தத்தில் செர்ரி பூக்கும் வரை தாங்கினால் பெரிய விஷயம். நோயாளியிடம் சொல்லும் வழக்கமில்லை; வீட்டில் இருப்பவர்கள்தான் சுமக்க வேண்டும். "வெறும் புண்தான், ஆறிடும்" என்று தினமும் பொய் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மனிதர் உடைந்துபோவார்.

"ஒரு வழியா இந்தப் படத்தை முடிச்சாப் போதும், ஃபூமி. சனங்க எல்லாம் டெலிவிஷன் பெட்டி முன்னாடி உட்கார்ந்தாச்சு. இனிமே யாருக்கு எடுக்கிறது?"

காலமெல்லாம் அடுத்தவர் முகத்தைப் படம் பிடித்தவர், தன் பக்கம் கேமரா திரும்பினால் தொப்பியை இழுத்து மூடிக்கொள்வார். வீட்டில் கல்யாணப் படத்தைத் தவிர வேறு கிடையாது. இன்றைக்கென்று பார்த்துத் தொப்பியைக் கழற்றி வைத்திருக்கிறார், அதுவும் இப்படி ஒரு வேஷத்துக்கு. ஃபூமிக்கு ஆத்திரமாக வந்தது.

"சிரிக்கட்டுமா, வேண்டாமா?"

"உங்க படம், உங்க இஷ்டம்."

"இல்ல, நீ சொல்லு."

"கொஞ்சமா சிரிங்க."

சிரித்தார். விளக்கு பளிச்சிட்டது. ஃபூமி கேன்டீனில் கேட்டு வாங்கிவந்த உப்பை அவர் தோளில் தூவினாள், தோஷம் கழியட்டும் என்று. அவர் அவள் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி அடுத்த படப்பிடிப்புத் தளத்துக்கு நடந்தார்.

உதவி இயக்குநர் கிதாமுரா அருகில் வந்தார்.

"அம்மா, போட்டோவைப் பெரிசாக்கிச் சட்டம் போட்டு உங்க கையிலயே கொடுக்கச் சொல்லிட்டார்."

"எங்கிட்ட எதுக்கு? ஷூட்டிங்குக்கு வேணாமா? எந்த சீன்ல வருது இது?"

கதையை வீட்டில் பேசும் பழக்கம் இவாசேக்கு எப்போதுமே இல்லை.

கிதாமுரா பின்கழுத்தைச் சொறிந்தார்.

"அதான் எனக்கும் புரியலை. நடிகர் யாரையும் அவர் கேட்கவும் இல்லை. இது சிரிப்புப் படம்மா. இதுல யாருமே சாகலையே."