குறித்த நாளுக்கு முன் இறங்கிய ஆடுகள்

தலைவர் குறிக்கும் நாளுக்கு முன் மந்தையை மலையிலிருந்து இறக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டு. பூமியின் தென்பாதியில் இருந்த அந்த மலைநாட்டில் இலையுதிர்காலம் பாதியிலேயே மேலே வானம் கறுத்தது. தன் புருஷன் மொகெட்சியை ஆடுகளோடு கீழே வரவிடும்படி மாலினெயோ தலைவரிடம் போய்க் கேட்டாள்.

"குளிரு தொடங்குற மே மாசமே பொறக்கல, இப்ப எங்கம்மா பனி?" என்றார் தலைவர், அடுப்பருகே குளிர் காய்ந்தபடி.

அன்றிரவே பனி கொட்டியது. மொகெட்சி மேய்ச்சல் குடிசையில் விறைத்துச் செத்தான்.

அவனைப் புதைத்த மறுநாள் ஆடுகள் தாமாகவே இறங்கி வந்தன. ஊர்க் கட்டை மீறியதாகச் சொல்லித் தலைவர் அவற்றைத் தமது கல்பட்டியில் அடைத்தார்.

நல்ல வெயில் அடித்தது. ஊர்ப்பனி எல்லாம் உருகிச் சேறாகிவிட்டது. ஆடுகளின் முதுகில் இருந்த பனி மட்டும் உருகவில்லை. தலைவரின் ஆட்கள் அதைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டார்கள். காலையில் பார்த்தால் அதே கனத்துக்கு இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம் தலைவரே மாலினெயோவின் வாசலுக்கு வந்தார். கம்பளிப் போர்வை இரண்டைச் சுற்றியிருந்தார்.

"ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போயிரும்மா."

அவள் சோளக்களி கிண்டுவதை நிறுத்தவில்லை. "நாளு வந்துருச்சா?"

"நாந்தான் சொல்றேன்ல."

"இதையே அன்னிக்குச் சொல்லியிருந்தா உம்ம நாக்கு அழுகியா போயிருக்கும்? நாளு வரட்டும். அதுவரைக்கும் உம்ம பட்டியிலயே கெடக்கட்டும்."

தலைவருக்குப் பல் கிட்டித்தது. சுள்ளென்ற வெயிலில் நின்று மீசையைத் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடியும் பனி படிந்தது.