உருண்டை வெல்லத்தின் கன அளவு

ஜாடிக்குள் போட்ட வெல்லத்தைக் காணவில்லை.

காலை பத்து மணிக்கு ப்ரஹ்லாத் தன் கையாலேயே போட்டது. கோடு போட்ட கண்ணாடி ஜாடி, அதில் பாதித் தண்ணீர், அதற்குள் ஆரஞ்சுப் பழம் அளவில் ஓர் உருண்டை வெல்லம். பத்து நிமிடக் கூட்டம் என்று போனவர் பன்னிரண்டரைக்குத் திரும்பினார். ஜாடியில் இருந்தது பானகம்.

"இது கரையும்னு ஒருத்தருமே சொல்லலையே!"

"உங்க ஸ்லைடுல 'திடப்பொருள்'னு போட்டிருந்தீங்க. நாங்க நம்பிட்டோம்" என்றாள் கூட்டாளி நிருபமா.

பெங்களூரு தொம்மலூரில் இருந்த அவர்கள் கம்பெனி தயாரித்தது ஒரே ஒரு கேமராதான். கோணல்மாணலாக எந்தப் பொருளைக் காட்டினாலும் அது எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று சொல்லிவிடும். அதற்கேற்ற பெட்டியில் போட்டு அனுப்பலாம். மண்டியாவிலிருந்து ஒரு வெல்ல வியாபாரி நாலு மணிக்குப் பார்க்க வருகிறார். அவர் வாங்கினால் கம்பெனி பிழைக்கும். வாங்காவிட்டால் இந்த மாதத்தோடு ஷட்டரை இறக்கவேண்டியதுதான்.

வியாபாரி போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். கேமரா சொல்வது சரி என்று எப்படித் தெரியும்?

மிச்சமிருந்த உருண்டைகளில் ஒன்றைக் காட்டியபோது கேமரா நூற்று நாற்பது மில்லி என்றது. அதைச் சரிபார்க்க, கேமரா இல்லாமல் ஒரு தடவையாவது அளக்கவேண்டும். வெல்லம் செங்கல் மாதிரி இருந்தால் நீள, அகல, உயரத்தைப் பெருக்கிவிடலாம். கருங்கல்லாக இருந்தால் தண்ணீரில் போட்டு, மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கலாம். இது இரண்டுமில்லை. அந்த உருண்டையைப் பாலிதீன் பையில் சுற்றி முக்கிப் பார்த்தார்கள். பையின் மடிப்புகளில் காற்று தங்கி, மூன்று தடவைக்கு மூன்று விடை வந்தது.

உடனே கீழே வாசலில் 'வாக்-இன் இன்டர்வியூ, இன்று மட்டும்' என்று ஓர் அட்டையை மாட்டினார்கள்.

முதலில் வந்தவர் பத்தாயிரம் வெல்லப் படங்களும் ஆறு மாத அவகாசமும் கேட்டார். அடுத்தவர், இனிமேல் வெல்லத்தையே சதுரமாக வார்க்கும்படி வியாபாரியிடம் சொல்லிவிடலாம் என்றார். அவர் மேனேஜ்மென்ட் படித்தவர்.

மூன்று மணிக்கு ஒருவர் கதவைத் தட்டினார். கையில் ஹெல்மெட், முதுகில் பை, நனைந்த மழைக்கோட்டு.

"சார், ஒரு நம்பர்..."

"நம்பர்லாம் கடைசில வாங்கிக்கறோம். மொதல்ல உட்காருங்கோ. பேரு?"

"அர்ஜுனன் சார். பரவால்ல, நிக்கறேன். கொஞ்சம் அவசரம்."

"எங்களுக்கு அதைவிட அவசரம். இந்த வெல்லத்தோட வால்யூமை எப்படி அளப்பேள்? தண்ணில போடப்படாது."

அர்ஜுனன் கைபேசியில் மணி பார்த்தார். பிறகு வெல்லத்தைப் பார்த்தார்.

"கடுகு இருக்கா சார்?"

"கடுகா!"

"பொம்மனஹள்ளில பிரட் ஃபேக்டரில ஆறு வருஷம் இருந்தேன். பிரட்டைத் தண்ணில போட்டா உறிஞ்சிக்கும். அதனால கடுகுலதான் அளப்போம்."

ஆபீஸ் சமையல் மேடையில் கடுகு இல்லை. ஸ்டார்ட்-அப்பில் யார் தாளிக்கிறார்கள்? ஆனால் உடம்பு இளைப்பதற்காக நிருபமா வாங்கி வைத்த சியா விதை ஒரு டப்பா நிறைய இருந்தது.

"இதுவும் ஓகே. பொடிசா, காஞ்சதா, வழுக்கிட்டு ஓடறதா இருந்தா போதும்" என்று அர்ஜுனன் ஒரு பாத்திரத்தை எடுத்தார். விளிம்புவரை விதையைக் கொட்டினார். ஸ்கேலை வைத்து மேலாக வழித்து மட்டமாக்கினார்.

"இது முழுப் பாத்திரம். இப்ப எல்லாத்தையும் வெளிய எடுத்துடறேன். அடியில கொஞ்சம் விதை, அது மேல வெல்லம். மறுபடி விளிம்பு வரைக்கும் விதை. வெல்லம் எவ்ளோ இடத்தைப் பிடிக்குதோ, அவ்ளோ விதை வெளிய நின்னுடும். அந்த மிச்சம்தான் சார் உங்க வால்யூம்."

"விதை ஒட்டிக்காதா?" என்றாள் நிருபமா.

"மேல லேசா மாவு தடவிக்குங்க மேடம். கொட்டும்போது மட்டும் தட்டக் கூடாது, குலுக்கக் கூடாது. குலுக்கினா விதை இறுகிடும், கணக்கு தப்பிடும்."

மிஞ்சிய விதையைக் கோடு போட்ட ஜாடியில் கொட்டினார்கள். நூற்று நாற்பத்திரண்டு மில்லி. இன்னும் இரண்டு தடவை செய்தார்கள். நூற்று நாற்பத்தொன்று, நூற்று நாற்பத்திரண்டு.

"சக்கத்! சூப்பர்!" என்று நிருபமா கைதட்டினாள்.

ப்ரஹ்லாத் நாற்காலியில் சாய்ந்தார். கம்பெனி பிழைத்தது. இந்த மனிதர் பக்கத்திலேயே நின்று வியாபாரிக்கும் இதைச் செய்து காட்டினால் கையெழுத்து நிச்சயம்.

"நீங்க இன்னிக்கே ஜாயின் பண்ணணும். சொல்லுங்கோ, எவ்ளோ எதிர்பார்க்கறேள்?"

"நாலு டிஜிட் சார். அதுக்குத்தான் அப்பலேர்ந்து நிக்கறேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாப, பாவம்! நாலு டிஜிட்ல இங்க ஒரு ரூம் வாடகைகூட வராதே" என்று நிருபமா முணுமுணுத்தாள்.

இவ்வளவு திறமை, இவ்வளவு அடக்கம்! ப்ரஹ்லாத் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலெல்லாம் வேண்டாம், அர்ஜுனன். ஆறு டிஜிட்டாவே போட்டுக்கோங்கோ!"

"ஆறு போட முடியாது சார், ஆப்ல நாலு கட்டம்தான் இருக்கு. ஓடிபி சொல்லுங்க, பார்சலை வச்சிட்டுக் கிளம்பறேன்."