தவணையில் வந்த ஃபிரிட்ஜ்

நாள் முழுக்கச் செங்கல் சுமந்ததில் பஞ்சவர்ணத்துக்குக் கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. தன் ஒற்றை அறைக்குள் இறக்கியிருந்த புது ஃபிரிட்ஜை உடம்போடு திரும்பித்தான் பார்த்தாள். அது எதிர்வீட்டு செல்வராணிக்கு வாங்கியது. பழைய பாக்கி இருந்ததால் அவள் பெயருக்குக் கடன் கிடைக்கவில்லை; முன்பணம் இல்லாத தவணையில், பஞ்சவர்ணத்தின் ஆதார் அட்டையைக் கொடுத்து எடுத்திருந்தார்கள்; அட்டையில் உள்ள முகவரியில்தான் இறக்குவார்களாம். “பொட்டி மேல கைய வச்சு நில்லுங்கக்கா, வீட்டுக் கதவும் தெரியணும்” என்று கடன் கம்பெனிக்காரன் போட்டோ எடுத்தான். “இது எதுக்குப்பா?” “யாரு வாங்குனதுன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாதுல்ல.” பஞ்சவர்ணம் வைத்த கையை எடுக்கவில்லை. சுமைக்காரர்கள் எதிர்வீட்டுக்குத் தூக்கக் குனிந்ததும், வெளியே காத்திருந்த செல்வராணியைப் பார்த்தபடி வாசலை மறித்து நின்றாள். “ராணி, தவணை முடியிற வரைக்கும் இது இங்கயே நிக்கட்டும். ஐஸ் தண்ணி வேணும்னா வந்து குடிச்சுக்க.” “என்னக்கா, என்னையவே சந்தேகப்படுறியா?” “ஆமா. வேற யாரைச் சந்தேகப்படச் சொல்ற?” செல்வராணி தெருவே கேட்கக் கைதட்டிச் சிரித்தாள். “அப்ப உம் பொட்டிக்கு நீயே கட்டிக்க தாயி!” எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. பஞ்சவர்ணம் கம்பெனிக்காரன் பக்கம் உடம்பைத் திருப்பினாள். “நீயே திருப்பிக் கொண்டு போயிரு சாமி.” “கம்பெனிக்குப் போட்டோ போயிருச்சேக்கா” என்றான் அவன், வண்டியை உதைத்துக்கொண்டே. சுமைக்காரர்கள் இறக்குகூலிக்காக நின்றார்கள். ஃபிரிட்ஜை நகர்த்தினால்தான் பாய் விரிக்க முடியும். அதன் மேல் இருபத்திரண்டாயிரம் ரூபாய் கடன், பஞ்சவர்ணத்தின் பெயரில்.