கழுத்துப்பட்டை விசாரணை

2006 ஜூலை 18 அன்று டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்த விமானம் நடுவானில் குலுங்கியதில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஒரு வார்ப்பாலையின் ஊழியருக்குக் கழுத்தில் அடிபட்டது.

ஆலை வேலையாகப் போன பயணம் என்பதால் ஆலையிலேயே விசாரணை நடந்தது. பெல்ட் போடாமல் அடிபட்டவருக்குச் சம்பளத்துடன் விடுப்பு கிடையாது என்பது அங்கே விதி.

"உள்ள போய்க் கத்தாத, மரியாதையா பேசு," என்று கிரேன் ஓட்டும் ரகுவிடம் சொல்லியபடி தட்டச்சர் ஏஞ்சலினும் உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.

"பெல்ட் போடச் சொல்லி அறிவிச்சாங்களா?"

"ரெண்டு தடவை."

"அப்புறம் ஏன் கழட்டினது?"

"மேல பெட்டியில கேடயம் இருந்தது. உடைஞ்சிடுமோன்னு எழுந்தேன்."

"என்ன கேடயம்?"

"விபத்தில்லா ஆலைக்கான விருது."

"அது இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"எழுதிக்கோ ஏஞ்சலின்," என்றான் விசாரணைக்குழுவின் தொழிலாளர் பிரதிநிதியான ரகு. "'காரணம், ஊழியரின் கவனக்குறைவு.' போன வருசம் நான் கிரேன்லருந்து வுழுந்தப்ப நீங்க எழுதினதுதான? சரியா சொல்றேனா சார்?"

எதிரே கழுத்துப்பட்டையுடன் உட்கார்ந்திருந்த பாதுகாப்பு மேலாளர் அருணாச்சலத்தால் தலையாட்ட முடியவில்லை. "சரிதான்," என்றார்.

அவருடைய ஆறு வார விடுப்புக்குச் சம்பளம் மறுக்கப்பட்டது. எல்லா விபத்து விசாரணை அறிக்கையிலும் பாதுகாப்பு மேலாளர் கையெழுத்திட வேண்டும் என்பது நடைமுறை. அவர் கையெழுத்திட்டார்.