பறக்கும் டாக்ஸிக்கு ஓர் அழுகை

குணா ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிக் கிடந்தான். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. தலைமாட்டில் நீலாவதி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டேய், சிரிக்காதே! சாகக் கிடக்கிறவன் பல்லைக் காட்டுவானா?" என்று கத்தினார் சிவப்பிரகாசம். "பவுடர் இன்னும் கொஞ்சம் போடுங்கப்பா."

சென்னையிலிருந்து பறக்கும் டாக்ஸி கொண்டுவந்திருந்த கம்பெனியின் விளம்பர மேனேஜர் அவர். அந்தமானின் ஒரு சிறு தீவில், பள்ளி மைதானத்தில் நான்கு காற்றாடிகளோடு அது பளபளவென்று நின்றது. வீடியோ சரியாக வந்தால் டெண்டர். இல்லாவிட்டால் அவருக்கு வேலை இல்லை.

நோயாளி, கம்பெனி சேல்ஸ்மேன் குணா. நோயாளியின் மனைவியாக நடிக்க உள்ளூர்ப் பெண் ஒருத்தியை அனுப்புவதாக நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"நர்ஸ் அனுப்பின ஆள் நீங்கதானேம்மா?"

"ஆமா சார். நர்ஸ் தீதிதான் அனுப்பினாங்க. இந்த ஸ்ட்ரெச்சர்..."

"பிடிச்சுக்கங்க, விடாதீங்க! அந்தப் பிடி ரொம்ப நேச்சுரலா இருக்கு."

"எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

"அஞ்சே நிமிஷம்."

குணா ஒரு கண்ணைத் திறந்தான். "சார், முதுகெல்லாம் ஈரமா இருக்கு."

"கழுவிக் குடுத்திருப்பாங்கடா. நீ மூச்சு வாங்கு."

கேமரா ஓடியது. சிவப்பிரகாசம் மைக்கைப் பிடித்தார். "இந்தத் தீவில் ஒருவருக்கு உயிருக்கு ஆபத்து என்றால் என்ன கதி? வாரத்துக்கு ஒரே கப்பல்! போர்ட் பிளேர் போய்ச் சேர இரண்டு ராத்திரி! இனி ஒரே மணி நேரம்! சொல்லுங்கம்மா, உங்க கணவருக்கு என்ன ஆச்சு?"

நீலாவதி கேமராவைப் பார்க்கவில்லை. "கமுகு மரத்துலேருந்து விழுந்துட்டார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்ல."

"கட்! பிரமாதம்!" அவர் உதவியாளரிடம் திரும்பினார். "நாம எழுதின ஹார்ட் அட்டாக்கைவிட இது நல்லா இருக்கே. ஆனா அம்மா, அழுகைதான் வரல. புருஷனுக்கு இப்படின்னா இப்படியா மரம் மாதிரி நிப்பீங்க?"

"வரல சார்."

"கிளிசரின் எங்கேப்பா?"

படகுத்துறைப் பக்கமிருந்து கப்பல் ஒருமுறை ஊதியது. நீலாவதி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அட, அந்தக் கப்பல்காரனை வாயை மூடச் சொல்லுங்க! சவுண்டு கெடுது. அம்மா, இங்கே பாருங்க, இங்கே!"

"சார், நேரமாகுது."

"அஞ்சே நிமிஷம்மா."

கிளிசரின் வழிந்தது. நான்கு டேக் ஆயிற்று. நான்காவதில் அவள் முகத்தில் ஒன்றுமே இல்லாததைப் பார்த்த கேமராமேன், "சார், இதுவே நல்லாத்தான் இருக்கு" என்றான்.

குணாவை ஸ்ட்ரெச்சரோடு உள்ளே தள்ளினார்கள். அவள் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. அதையும் கேமராமேன் எடுத்துக்கொண்டான்.

காற்றாடிகள் சுழன்றன. மைதானத்துப் புழுதி எல்லார் வாயிலும் போயிற்று. டாக்ஸி தென்னை உயரத்துக்கு எழும்பி, கடலைத் தாண்டி ஒரு புள்ளியானது. பள்ளிப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சிவப்பிரகாசம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "சூப்பர்மா! பொறந்ததுலேருந்து நடிக்கிறவங்க மாதிரி பண்ணிட்டீங்க."

"அது எப்பத் திரும்பி வரும் சார்?"

"அடுத்த தீவுல ரிப்பன் வெட்டறாங்க. அப்புறம் எக்ஸிபிஷன். நாளான்னைக்கு வந்துடும். ஏன், உங்களுக்கும் டாக்ஸில ஒரு ரவுண்டு போகணுமா?"

கப்பல் மறுபடி ஊதியது. இந்த முறை நீளமாக ஊதிவிட்டு, துறையை விட்டு நகரத் தொடங்கியது. நீலாவதி அது முனை திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டாக்ஸி இல்ல சார், ஸ்ட்ரெச்சர். அந்தக் கப்பல்ல போகவேண்டிய என் வீட்டுக்காரரை அதுலேருந்து இறக்கி ஆஸ்பத்திரித் தரையில போட்டுட்டுத்தான் உங்களுக்குக் குடுத்தாங்க."