மூத்தவனுக்குக் கேஸ்

"மூத்தவனை இன்னிக்கே தூக்கிட்டுப் போயிடுங்க. வயித்துல கேஸ் ஏறிப்போச்சு, எப்ப வெடிப்பான்னு தெரியாது!" என்று முகைதீன் பிச்சை போனில் கத்தினார். இறால் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த லாரி டிரைவர் பயந்துபோய்ப் பார்த்தார்.

எதிர்முனையில் இருந்தவர் பழைய இரும்பு வியாபாரி. மூத்தவன், இளையவன் என்பவை பிச்சையின் மட்டாஞ்சேரி குளிர்கிடங்கில் இருக்கும் இரண்டு டிரான்ஸ்பார்மர்கள். பெற்ற பிள்ளைகளைவிட அவர் அவற்றைத்தான் அதிகம் கொஞ்சுகிறார் என்று மனைவி லதீஃபா வைத்த பெயர்கள்.

எண்ணெய்ப் பரிசோதனை முடிவு காலையில்தான் வந்தது. மூத்தவனின் எண்ணெயில் ஹைட்ரஜன் எகிறியிருந்தது, இளையவன் சுத்தம். பிச்சை உடனே மூத்தவனை ஆஃப் செய்து, கிடங்கு மொத்தத்தையும் இளையவன் தலையில் கட்டினார். இளையவனைச் சுற்றியிருந்த கம்பிவேலி ஓரமாகவே நாற்காலி போட்டு சாயா குடிக்க உட்கார்ந்துவிட்டார்.

மதியம் எர்ணாகுளத்திலிருந்து அக்கா மகள் ரஹீனா வந்தாள். இந்த எண்ணெய்களைச் சோதிக்கும் லேபில் அவள் கெமிஸ்ட்.

"மாமா, மூத்தவன் எண்ணெயில புதுசா ஏதாவது ஊத்தினீங்களா?"

லதீஃபா முந்திக்கொண்டாள். "போன மாசம் மெக்கானிக் சேட்டன் ஒரு மருந்து ஊத்தினாரு மோளே. ரெண்டு பேரு எண்ணெயிலயும் கந்தகம் இருக்காம், உள்ள இருக்கிற செம்பை அரிச்சிடுமாம். கிடைச்சது ஒரே டின்னு. மூத்தவனோட தீர்ந்துபோச்சு."

ரஹீனா சிரித்துவிட்டாள். "அந்த மருந்து கிளப்புற கேஸ்தான் இது! ஊத்தின புதுசுல ஹைட்ரஜன் ஏறும், அப்புறம் அடங்கிடும். நிஜக் கோளாறுன்னா மத்த வாயுவும் ஏறியிருக்கும், எதுவும் ஏறல. மூத்தவனுக்கு ஒண்ணுமில்ல."

பிச்சைக்குக் கண் கலங்கியது. வேலிக்கு வெளியே நின்று மூத்தவனிடம் மன்னிப்பே கேட்டார்.

"என்கிட்ட ஒருநாளாவது கேட்டிருக்காரா, பாரு" என்றாள் லதீஃபா.

"மூத்தவனைச் சாவகாசமா ஆன் பண்ணிக்கலாம். அதுவரைக்கும் இளையவன் தாங்குவான். அவன் ரிப்போர்ட் கண்ணாடி மாதிரி!" என்று பிச்சை திரும்ப வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

ரஹீனாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிங்க மாமா! மருந்து விழாதது இவனுக்குத்தான். செம்பைக் கந்தகம் அரிக்கிறது கேஸ் டெஸ்டுல தெரியாது. ஆஃப் பண்ண வேண்டியது இளையவனை!"